ஆபீஸம்மா போயாச்சு

எப்போது போனாலும் அந்தப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் போனேன், தூக்கம். இரண்டு வாரம் கழித்து உச்சி வேளையில் போனேன், தூக்கம். சாயங்காலம் பெற்றவர்கள் வந்து அழைத்துப் போகிற நேரத்துக்குச் சற்று முன்னால் போய்ப் பார்த்தேன், அப்போதும் விரிப்பில் வரிசையாகக் கிடந்தார்கள்.

மற்ற குழந்தைகள் மையங்களில் இப்படியா? நான் படியேறும்போதே ஒன்று என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும், இன்னொன்று கைப்பைக்குள் கையை விடும், மூன்றாவது நான் யார், ஏன் வந்தேன், எப்போது போவேன் என்று வக்கீல் மாதிரிக் கேட்கும். இங்கே மட்டும் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. எங்காவது கோளாறு என்றால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். வியர்க்கத்தான் செய்தது. ஆனால் எதைச் சொல்லிப் பிடிப்பது? தூங்குகிற பிள்ளையைக் குற்றம் சொன்ன அதிகாரி உண்டா?

நகராட்சியில் குழந்தைகள் மையங்களுக்கு நான்தான் மேற்பார்வையாளர். புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்கு ஓடினால்தான் அடுப்பெரியும் என்கிற குடும்பங்களின் பிள்ளைகள், இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை, அங்கே இருப்பார்கள். பாட்டு, கதை, எழுத்து, பால், சாப்பாடு எல்லாம் நகராட்சிச் செலவு. சட்டம் ஒன்று உண்டு. பிள்ளைகள் விழித்திருந்தால் பத்துப் பேருக்கு ஒரு பெரிய ஆள் இருக்க வேண்டும். தூங்கினால் இருபது பேருக்கு ஒருவர் போதும். அந்த மாடி மையத்தில் இருந்தது பத்தொன்பது பேர். டீச்சர் ஒருத்தி, உதவியாளர் ஒருத்தி. ஆனால் அந்த உதவியாளரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "இப்பதான் மேடம் பால் வாங்கப் போனா" என்பாள் டீச்சர், குரலைத் தாழ்த்தி, பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று. நானும் நுனி விரலில் நடந்து, சுவரைப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, அதே நுனி விரலில் இறங்கிவிடுவேன்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்று என் தங்கை மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். அவளைத் தூங்க வைக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் கதை சொல்ல, ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் மிரட்ட. அந்த வாலுகூட அங்கே கட்டையாகக் கிடந்தாள். சொந்தக்காரப் பிள்ளை இருக்கிற இடத்தை நான் மேற்பார்வை செய்வது சரியில்லை என்று அதிகாரியிடம் முன்பே சொல்லியிருந்தேன். "வேற யாரு இருக்கா? நீங்களும் நானும்தான். எனக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டேன்" என்று முடித்துவிட்டார். அந்த மனிதர் எந்த மையத்துக்கும் போனதில்லை. மாடி இல்லாத மையங்களுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வந்து விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவார். அவள் ஒரு மருந்துக் கம்பெனியில் பெட்டி கட்டுகிறாள். இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாள் போகாமலிருந்தாலும் சீட்டைக் கிழித்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் காய்ச்சலோடும் போய்வந்துகொண்டிருந்தாள்.

வாலு ஒரு காலில் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பாய்ந்துகொண்டிருந்தாள். அப்போது வாசல் மணி கிர்ர் என்று அடித்தது. தண்ணீர் கேன் போடுகிறவர்.

பாய்ந்துகொண்டிருந்த பிள்ளை அப்படியே தரையில் விழுந்தாள். ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வலிப்பு என்றே நினைத்துவிட்டேன்.

"பயப்படாதேக்கா" என்று தங்கை சிரித்தாள். "மணி அடிச்சா தூங்கிடுவா. மையத்துல பழக்கியிருக்காங்க. நல்லதுதானே? கொஞ்ச நேரம் எனக்கும் நிம்மதி."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வாலு, எந்திரி."

அசையவில்லை. உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினேன். கட்டை விரல் மட்டும் துள்ளியது, முகம் கல்லாக இருந்தது.

"வாலு, பெரியம்மாடி."

கண்ணைத் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "நான் தூங்குறேன்."

"எப்ப எந்திரிப்ப?"

"ஆபீஸம்மா போனப்புறம்."

"யாரு அந்த ஆபீஸம்மா?"

ஒரு கண்ணைத் திறந்து, இதுகூடவா தெரியாது என்பதுபோல என்னைப் பார்த்தாள். "நீதான்!"

தங்கையின் சிரிப்பு நின்றது. நான் அவளுக்குச் சட்டத்தைச் சொன்னேன், பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று. சொல்லச் சொல்ல அவள் முகம் சிறுத்துப்போனது. அவள் பயந்தது பிள்ளைக்காக இல்லை. அதை ஒளிக்கவும் இல்லை.

"அக்கா, இதை எழுதிடாதே. அந்த இடத்தை மூடிட்டாங்கன்னா நான் எங்க போவேன்? இவள இடுப்புல கட்டிக்கிட்டா பெட்டி கட்ட முடியும்?"

"மூட மாட்டாங்கடி. ஆள் போடுவாங்க."

"நீ சத்தியமா நம்புறியா?"

நம்பினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அந்த நோய் உண்டு, உண்மையைச் சரியாக எழுதிவிட்டால் நல்லது நடக்கும் என்று. அன்றைக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் மையத்துக்குப் போய், வாசல் மணியை அடிக்காமல் கீழே நின்றேன். மேலே ரகளை. ஏதோ உருண்டது, யாரோ அழுதார்கள், டீச்சர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே "கடிக்காதே, கடிக்காதே" என்று ஓடியது. கேட்கவே நன்றாக இருந்தது. பிறகு மணியை அழுத்தினேன். யாரோ குழாயை மூடியதுபோல எல்லாம் நின்றது.

மேலே போனேன். பத்தொன்பது பேரும் தூக்கம். ஒருத்தன் வாயில் பாதி ரொட்டி, மெல்லாமல். டீச்சர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதுக்குள் இருப்பாள், ஆனால் முடியெல்லாம் கலைந்து, நாள் முழுக்க மூட்டை தூக்கியவள் மாதிரி இருந்தாள்.

"டீச்சர், இவங்கள எழுப்புங்க."

"பாவம் மேடம், இப்பதான்..."

"எழுப்புங்க. தீப்பிடிச்சா எப்படிக் கீழே கொண்டுபோவீங்கன்னு நான் பாக்கணும்."

அவள் கைதட்டினாள். "எந்திரிங்க கண்ணுங்களா." ஒருவரும் எழவில்லை. நானும் கத்தினேன். ஒரு பையனைத் தூக்கி உட்கார வைத்தேன். கையை எடுத்ததும் சரிந்து படுத்துக்கொண்டான். வாலுவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். இமை துடித்தது, திறக்கவில்லை. இவ்வளவு ஒழுக்கமான பிள்ளைகளை நான் என் வேலையில் பார்த்ததே இல்லை.

"நீங்க வெளிய போனாத்தான் மேடம் எந்திரிப்பாங்க" என்றாள் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் படியில் போய் நின்றேன். அவள் உள்ளே, பாட்டுப் பாடுவதுபோல இழுத்து, "ஆபீஸம்மா போயாச்சு!" என்றாள். கூரை பறந்துவிடும் போல ஒரு கூச்சல்.

அவளும் படிக்கு வந்து கதவைப் பாதி சாத்திக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளே வைத்தபடி பேசினாள். உதவியாளர் நின்று இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. சம்பளம் கூடக் கிடைக்கிற இடத்துக்குப் போய்விட்டாள். டீச்சர் ஆபீஸுக்கு வந்து சொல்லியிருக்கிறாள். "'ஆள் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா மூடிட்டுப் போயிடுவாங்க, ஆள் வர்ற வரைக்கும் எப்படியாவது சமாளிங்க'ன்னு உங்க ஆபீஸ்லதான் மேடம் சொன்னாங்க. எப்படிச் சமாளிக்கிறது? தூங்குற பிள்ளைங்களுக்குத்தான் உங்க சட்டம் ஒத்துவருது. அதான் ஒரு விளையாட்டு மாதிரி பழக்கினேன்."

"விளையாட்டா?"

அவளுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. "போன வாரம் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுபோச்சு மேடம். நான் ஒருத்தனுக்குக் கழுவிவிட்டுட்டு இருந்தேன். கேஸ் வாடை கீழ வரைக்கும் போயிருக்கு. கீழ இருக்கிற தையல் கடைக்காரர் பயந்துபோய், எங்களுக்குச் சொல்றதுக்காக மணியை விடாம அடிச்சாரு. எல்லாரும் படுத்துட்டாங்க. ஒருத்தர் விடாம. நான் கத்துறேன், எந்திரிக்கலை. அந்த நேரத்துல எனக்கு அந்த வார்த்தை ஞாபகமே வரலை. ரெண்டு ரெண்டு பேரா இழுத்துக் கொண்டுபோய்ப் படியில போட்டேன். ஜன்னல் திறந்திருந்ததால ஒண்ணும் ஆகலை."

உள்ளே ஏதோ விழுந்தது. அவள் கண்ணைத் துடைக்காமலே ஓடினாள்.

வாலுவும் அந்த வாடையில், கையைக் கன்னத்தடியில் வைத்து, நல்ல பிள்ளையாகக் கிடந்திருப்பாள். கண்ணைத் திறந்திருக்க மாட்டாள். நான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஆபீஸுக்குப் போன வேகத்தில் அறிக்கை எழுதினேன். ஒரே ஆள், உடனே உதவியாளர் வேண்டும், பிள்ளைகள் உயிருக்கு ஆபத்து. அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"உயிருக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கீங்களே, மேடம்."

"ஆமா சார். அதனாலதான் ஆள் கேக்குறேன்."

"ஆள் போட நான் மேல கேக்கணும், மேல இருக்கறவங்க அதுக்கு மேல கேக்கணும். ஆபத்துன்னு எழுத்துல வந்தப்புறம் நான் ஒரு நாள்கூடத் திறந்து வைக்க முடியாது. நாளைக்கே பூட்டிடுவோம்."

"சார், பூட்டச் சொல்லலை, ஆள் போடச் சொன்னேன்!"

"பூட்டறதுக்கு என் கையெழுத்து போதும்" என்றார், ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோல. கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையாவது போடலாம்.

அன்று இரவு தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் உடனே போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை ஆபீஸ் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. தங்கை வேலைக்குப் போகிற உடையில் உள்ளே வந்தாள். வாலுவை நேராக என் மேசைமேல் உட்கார வைத்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணிப் பை.

"நீதானே பூட்டின. நீயே பாத்துக்கோ."

"ஏண்டி, இது ஆபீஸ்டி."

"அந்த மையமும் இந்த ஆபீஸ் நடத்துற இடம்தானே?"

அவள் பின்னால் இன்னொரு தாய். அவள் பின்னால் ஒரு தகப்பன், இரட்டைப் பிள்ளைகளோடு. அப்புறம் வாசல் நிறைய. பூட்டின கதவைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களை என் தங்கைதான் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் அவளைத்தான் சாது என்பார்கள். டீச்சரும் கடைசியில் வந்து சுவரோரம் நின்றாள், வேலை போன முகத்தோடு. பிள்ளைகளைத் தரையில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் வர்றோம் மேடம்" என்று ஒவ்வொருவராக வாசலுக்கு நகர ஆரம்பித்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் ஆபீஸ் ஆபீஸாக இல்லை. ஒருத்தி முத்திரையை எடுத்துத் தன் முட்டியில் குத்திக்கொண்டாள். இரட்டையர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சுற்றிவிட்டார்கள். ஒருவன் என் மேசைக்குக் கீழே புகுந்து பூனையாகிவிட்டான். பியூன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, தன் வேலை இது இல்லை என்று முடிவு செய்து மறைந்தார்.

உள் அறையிலிருந்த அதிகாரிக்குக் கூச்சல் பொறுக்கவில்லை. பியூனைக் கூப்பிட மேசையடியில் இருந்த பொத்தானை அழுத்தினார். எங்கள் கூடத்தில், அவர் கதவுக்கு மேலே மாட்டியிருந்த பழைய மணி கிர்ர் என்று அலறியது.

பத்தொன்பது பேரும் படுத்தார்கள்.

கோப்புகளின்மேல் படுத்தார்கள், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் படுத்தார்கள். நாற்காலியில் இருந்த இரட்டையர் இறங்க நேரமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். வாலு என் மேசையில், முத்திரை மைப்பெட்டியின் பக்கத்தில். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பலர் இதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

திடீரென்று வந்த அமைதியில் சந்தேகப்பட்டு அதிகாரி வெளியே வந்தார். அவர் முகம் இளகியது.

"அடடே" என்றார், கிசுகிசுத்து. "எவ்வளவு நல்ல பிள்ளைங்க." நுனி விரலில் நடந்து என்னிடம் வந்தார். அதே நடை, என் நடை. "இங்க நீங்க ஒருத்தர்தானே மேடம் இருக்கீங்க? பாருங்க, என்ன ஒரு அமைதி! இதுக்கு எதுக்கு ரெண்டு ஆள்? அறிக்கையில அந்த ஆபத்துங்கற வார்த்தையை எடுத்துட்டு மாத்திக் குடுங்க. இப்பவே பூட்டைத் திறந்துடலாம். அந்தம்மா ஒருத்தியே போதும்."

ஒரு தாய் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். அவளை ஏற்றிப்போகிற கம்பெனி பஸ் இந்தத் தெருமுனையைத் தாண்டும் நேரம். நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைக்கு இடம், அவளுக்கு வேலை, எனக்குத் தங்கை.

சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாய்வரை வந்துவிட்டது. அப்போது மேசையில் வாலுவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மூக்கின்மேல் ஒரு ஈ உட்கார்ந்து நடந்துகொண்டிருந்தது. அவள் அதை விரட்டவில்லை.

"சரி சார்" என்றேன். "நீங்க இங்கயே இருந்து ஒரு நிமிஷம் பாத்துக்கோங்க. அறிக்கையைக் கொண்டுவர்றேன்."

வாலுவைத் தூக்கிக் கீழே தரையில் படுக்க வைத்தேன். டீச்சரையும் கூட்டிக்கொண்டு கூடத்தை விட்டு வெளியே வந்து, பெற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். டீச்சருக்கு விளங்கிவிட்டது. "வேணாம் மேடம்" என்றாள். அடுத்த நொடியே, "சொல்லட்டுமா?" என்றும் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் கதவிடுக்கில் வாயை வைத்து, இழுத்துப் பாடினாள்.

"ஆபீஸம்மா போயாச்சு!"

உள்ளே தரையே எழுந்து நின்றது. அதிகாரி இரண்டு கையையும் விரித்து, வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட போலீஸ்காரர் மாதிரிச் சுற்றினார். முதலில் சிரித்தார். தண்ணீர் கேனின் குழாயை ஒருத்தி திறந்தாள். அதை மூடக் குனிந்தபோது பூனைப்பையன் அவர் முதுகில் ஏறினான். நாற்காலி சுற்றி இரட்டையரில் ஒருவன் விழுந்து அலறினான். அவனைத் தூக்கினார். தூக்கத் தெரியவில்லை, கோப்பு மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டார். இன்னொருவன் அவர் காலைக் கட்டிக்கொண்டு, தன்னையும் தூக்கச் சொல்லி அழுதான்.

அந்த நேரத்தில் வாலு அந்தக் கோடியில் இருந்த இரும்பு அலமாரியில் ஏற ஆரம்பித்தாள். இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டு. அவர் பார்த்துவிட்டார். கையில் ஒருவன், காலில் ஒருவன், தரையெல்லாம் தண்ணீர். ஓர் அடி வைத்தார், வழுக்கியது, மேசையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் முட்டி வலியும் இல்லை, மேலிடமும் இல்லை. வெறும் பயம்.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினார். "இன்னும் ஒரு ஆள் வாங்க! ஒருத்தனால முடியலை, வாங்க!"

என் கை கதவுக்குப் போனது. ஆனால் எனக்கு முன்னால் என் தங்கை உள்ளே பாய்ந்திருந்தாள். ஈரத்தில் சறுக்கி, முட்டி தேய, அலமாரியின் அடியில் போய்க் கை நீட்டிப் பிள்ளையை மார்போடு வாங்கிக்கொண்டாள். அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வாசலுக்கு வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொரு ஆள் இல்லாம அந்தக் கதவைத் திறக்காதீங்க சார்" என்று அதிகாரியிடம் சொன்னாள்.